கப்பலுக்குக் காத்திருந்தவர்கள்

அருவங்காடு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. இங்கே உறைபனி தொடங்கிவிட்டது. பசுந்தேயிலைக்கு விலை இல்லை என்ற புலம்பல் அப்படியே இருக்கிறது. காட்டெருமைகள் இப்போது பட்டப்பகலிலேயே தெருவுக்குள் வந்து போகின்றன.

சரி, 1940இல் ஜெர்மானியர் சூழ்ந்துகொண்ட பிரெஞ்சுக் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் கப்பலேறித் தப்பியதை வைத்து நோலன் எடுத்த ஆங்கிலப் படம் 'டன்கிர்க்', அந்த விஷயத்துக்கு வருகிறேன். கதை இல்லை, கதாநாயகன் இல்லை, எதிரியைக் காட்டவே இல்லை, நம் ஆட்களும் இல்லை, இதை எதற்கு உலகமே கொண்டாடியது என்று கேட்டிருந்தாய். படித்ததிலிருந்து அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் மருமகன் கோவையிலிருந்து புரொஜெக்டர் கொண்டுவந்தபோது, அந்தப் படத்தையே எங்கள் சங்கக் கூடத்தில் போடச் சொன்னேன். வசனம் குறைவான படம் என்பதால் மொழி பெரிய தடையாக இல்லை. தேவைப்பட்ட இடத்தில் மகள் தமிழில் சொன்னாள்.

படம் பார்க்க வந்த ஊர்ப் பையன்களுக்கு முதல் அரை மணி நேரம் பிடிபடவே இல்லை. கரையில் ஒரு வாரம், கடலில் ஒரு நாள், வானத்தில் ஒரு மணி நேரம் என்று மூன்று காலங்களை நோலன் பின்னியிருக்கிறார் அல்லவா, ஒரு காட்சி பகல், அடுத்தது இரவு, மறுபடி பகல் என்று வந்ததும் குழம்பிப் போனார்கள். இதே பையன்கள்தான் 2024 தீபாவளிக்கு 'அமரன்' வந்தபோது ஊட்டிக்குப் போய் விசிலடித்துப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர்கள். நம் கோத்தகிரிப் பெண் சாய் பல்லவி நடித்தது வேறு அவர்களுக்குப் பெருமை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் படம் சொல்லும் மேஜர் முகுந்த் வரதராஜன் 2014இல் காஷ்மீரில் சோபியானில் உயிரைக் கொடுத்தவர். யாருக்காக அழுகிறோம் என்று பார்ப்பவனுக்குத் தெரியும். டன்கிர்க்கில் அப்படி ஒருவரை நம் கையில் கொடுப்பதில்லை. பாதிப் பேருக்குப் பெயர்கூட மனதில் நிற்காது. உனக்குப் பிடிக்காமல் போனது இதனால்தான் என்று நினைக்கிறேன். எனக்கோ அந்தப் படத்தின் பலமே அதுதான் என்று தோன்றுகிறது.

முதல் காட்சி ஞாபகம் இருக்கிறதா? ஆளில்லாத தெருவில் சில சிப்பாய்கள் நடக்கிறார்கள், திடீரென்று குண்டு பாய்கிறது, ஒவ்வொருவராக விழுகிறார்கள். சுட்டவன் யார் என்று கடைசி வரை தெரியாது. எனக்கு நம் கார்டைட் பேக்டரி ஞாபகம் வந்துவிட்டது. நீயும் நானும் வேலைக்காலம் முழுவதும் செய்தது தோட்டாவுக்குள்ளும் குண்டுக்குப் பின்னாலும் போகிற வெடிமருந்து. எடை பார்த்தோம், ஈரம் பார்த்தோம், நெருப்பு வராமல் காத்தோம். அது போய்ச் சேர்கிற இடத்தை மட்டும் நாம் பார்த்ததே இல்லை. அந்தத் தெருவில் ஓடுகிற பையனின் பக்கம் நின்று பார்க்க வைத்தது இந்தப் படம். அதற்காகவே எனக்கு அதன் மீது மரியாதை.

வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஐயா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கடிகார டிக்டிக் சத்தமும் விமானத்தின் ஊளையும் கூடத்தை அதிரவைத்தபோது அவர் அசையவில்லை. முடிந்ததும், "சத்தம் ரொம்ப அதிகம். நிஜத்தில் சத்தத்தைவிட, அடுத்த சத்தம் எப்போ வரும்னு உட்கார்ந்திருக்கிறதுதான் கஷ்டம்" என்றார். லண்டனில் 2017இல் முதல் காட்சி பார்க்க வந்த டன்கிர்க் முதியவர்களும் இதையேதான் சொன்னார்களாம், நிஜ குண்டுவீச்சைவிடப் படத்தின் சத்தம் அதிகம் என்று. ஆனால் கனடாவில் 97 வயது முதியவர் ஒருவர், சின்ன வயதில் அந்தக் கரையில் நின்றவர், படம் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே போனது போல் இருந்தது என்று கலங்கியிருக்கிறார். ஒரே படம், ஒரே கரையில் நின்ற மனிதர்கள். ஒருவருக்குச் சத்தம் மிகை, இன்னொருவருக்கு அது அவருடைய இளமை.

நான் எதிர்பார்க்காத பேச்சு வேறு இடத்திலிருந்து வந்தது. அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிலோன் அக்காவை உனக்குத் தெரியும், மேல் லயத்தில் இருந்தவர். மலையகத் தமிழர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தப்படி இங்கே அனுப்பப்பட்ட குடும்பம். அந்த மரப்பாலத்தில் சிப்பாய்கள் வரிசையாக நின்று, வராத கப்பலுக்காகக் கடலையே பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி வந்தது. அக்கா பக்கத்தில் இருந்த என் மனைவியிடம், "தலைமன்னாரில் நாங்க இப்படித்தான் நின்னோம்" என்றார். சின்னப் பெண்ணாக அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும், கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியதையும், மண்டபம் முகாமில் இருந்ததையும், பிறகு இந்தக் குளிருக்கு வந்ததையும் படம் முடிந்த பிறகு எல்லோருக்கும் சொன்னார். அண்ணன் குடும்பம் மட்டும் வரவில்லையாம், வவுனியாவிலேயே நின்றுவிட்டது. இத்தனை வருடப் பழக்கத்தில் இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் வவுனியா என்றதும் சுபேதார் ஐயா திரும்பிப் பார்த்தார். அவர் 1987இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கியவர், வவுனியாவிலும் கொஞ்ச காலம் இருந்தவர். படத்தின் கடைசியில் ரயிலில் வரும் அந்தப் பையன், தோற்று ஓடி வந்த நம் முகத்தில் ஊர்க்காரர்கள் துப்புவார்கள் என்று தலை குனிந்து உட்கார்ந்திருப்பானே, கண் தெரியாத ஒரு கிழவர் கம்பளி கொடுத்து நல்லது செய்தீர்கள் என்பார். அந்த இடத்தைப் பற்றி ஐயா பேசினார். அமைதிப்படையின் கடைசிக் குழு 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். "மேட்டுப்பாளையம் வர்ற ரயில்ல நான் யூனிஃபார்மைக் கழற்றிப் பெட்டியில வெச்சுட்டேன். யாரும் எதுவும் சொல்லலை. அதுவே போதும்னு இருந்துச்சு" என்றார்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் சிப்பாய்கள் அங்கே இறந்தார்கள். அங்கே நம் மொழி பேசும் மக்கள் அந்தப் படையால் பட்ட துயரமும் பொய்யில்லை, வரவேற்காமல் இருந்ததற்கும் காரணம் அதுதான். இரண்டும் தெரிந்த மனிதர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நேராகவே கேட்டார்: "அங்க எங்க சனம் உங்களை என்ன சொன்னாங்க ஐயா?" அவர் சொன்னது: "முதல்ல மாலை போட்டாங்க அம்மா. பின்னாடி, தமிழ்லயே, ஏன் வந்தீங்கன்னு சின்னப் பிள்ளைங்க கேட்டுச்சு. என்கிட்ட பதில் இல்லை." அவர்கள் இரண்டு பேரும் அப்புறம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர், எந்த ரோடு, அண்ணன் வீடு எந்தப் பக்கம் என்று.

இப்போது சொல், எதிரியின் முகத்தைக் காட்டி, அவனைப் பார்த்து நம்மைப் பல்லைக் கடிக்க வைத்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்குமா? கொடியைக் காட்டிக் கைதட்ட வைத்திருந்தால் கைதட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருப்போம். அந்தப் படம் காலியாக விட்ட இடத்தில்தான் இவர்கள் தங்கள் கதையைக் கொண்டுவந்து வைத்தார்கள். கதை இல்லை என்ற உன் குறைக்கு என் பதில் இதுதான்.

நம் ஆட்கள் இல்லை என்ற குறையை மட்டும் நான் முழுக்க ஏற்கிறேன். 1939 டிசம்பரில் இந்தியாவிலிருந்து கே6 என்ற படைப்பிரிவு கோவேறு கழுதைகளோடு மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. நான்கு கழுதைக் கம்பெனிகள், பெரும்பாலும் பஞ்சாப் முஸ்லிம்கள். சேற்றிலும் பனியிலும் லாரி போகாத இடத்துக்குச் சுமை கொண்டுபோகப் பிரிட்டிஷ் படைக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். பலர் டன்கிர்க் வழியாகத் தப்பினார்கள், ஒரு கம்பெனி ஜெர்மானியரிடம் சிக்கியது. கரையில் ஒரு தலைப்பாகையாவது தெரிந்திருக்கலாம். பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதே வருத்தம் உண்டு. மீட்கப்பட்ட 3,38,226 பேரில் ஒரு லட்சத்துக்கும் மேல் பிரெஞ்சு வீரர்கள். பின்னால் நின்று ஜெர்மானியரைத் தடுத்தவர்களும் அவர்கள்தான். அப்படித் தடுத்து நின்றவர்களைப் படத்தில் சில நொடிகளே பார்க்கிறோம். பிரான்சில் இதை எழுதிக் கண்டித்தார்கள், அது நியாயமும்கூட.

இதை நான் கூடத்தில் சொன்னபோது, ராணுவத்தில் கழுதைக் கம்பெனியில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து எழுந்தார். படம் முழுக்க வாய் திறக்காதவர். "ஆட்கள் கப்பல் ஏறிட்டாங்க, சரி. கழுதைங்களை என்ன பண்ணாங்க?" என்றார். கப்பலில் இடமில்லை, பிரான்சிலேயே விட்டுவிட்டார்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பனிமலையில் தன் உயிரை இரண்டு முறை காப்பாற்றிய கழுதையின் பெயரைச் சொல்லி, அதை விட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தால் தான் வந்திருக்கவே மாட்டேன் என்றார். பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். முதல் அரை மணி நேரம் நெளிந்துகொண்டிருந்த அதே பையன்கள். கழுதை எத்தனை கிலோ தூக்கும், குண்டு வெடித்தால் மிரளாதா, இறந்தால் புதைப்பீர்களா என்று.

உனக்கு ஒரு வேண்டுகோள். கண் சரியானதும் அந்தப் படத்தை இன்னொரு முறை பார், தனியாக அல்ல. உன் பக்கத்துத் தெருவில் படையில் இருந்தவர் யாராவது இருப்பார், கப்பலேறி வந்தவரும் இருப்பார், அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு விரிவாக எழுது. சிலோன் அக்காவின் அண்ணன் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க சுபேதார் ஐயா தன் பழைய நண்பர் ஒருவருக்குக் கடிதம் போட்டிருக்கிறார், தகவல் வந்தால் தெரிவிக்கிறேன்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். கோடையில் இங்கே வந்து பத்து நாளாவது இருங்கள்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்