கொறங்காட்டைப் பாகம் பிரிக்கப் போகும் பங்காளிகளுக்கு

காங்கயம், மூலனூர், தாராபுரம் பக்கத்துக் குடும்பத்தாருக்கு வணக்கம்.

உயிர்வேலி அடைத்த மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் பாகம் பிரிய வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பத்திரத்தில் பிரியுங்கள், எல்லைக்கல் நடுங்கள். நடுவே வேலி மட்டும் போடாதீர்கள்.

12 ஏக்கர் காடு நாலு துண்டாக இருந்தால், ஒன்றில் மாடு மேயும்போது மூன்று ஓய்ந்து கிடக்கும். கொழுக்கட்டைப் புல் கதிர் விட்டு விதை கொட்டுவது அந்த ஓய்வில்தான். மூன்று பேர் ஆளுக்கு 4 ஏக்கரை அடைத்துக்கொண்டால் வருசம் முழுக்க மாடு அதற்குள்ளேயே நிற்கும். மழைக்குத் துளிர்த்த புல்லை அன்றைக்கே கடித்துவிடும். தூர் செத்த இடத்தில் பார்த்தீனியமும் சீமைக்கருவேலும் ஏறும்.

வேலிக் கணக்கும் உதைக்கும். சதுரமான 12 ஏக்கரை மூன்றாக்க இரண்டு குறுக்கு வேலி, ஒவ்வொன்றும் 720 அடிக்கு மேல். அரை அடிக்கு ஒரு கிளுவைப் போத்து (வேலிக்கு வெட்டி நடும் முள்கிளை) என்றால் 2,900 போத்து வேண்டும். அத்தனையையும் சுற்றுவேலியில் வெட்டினால் அது சல்லடையாகும். புது வேலி அடர, சில வருசம் பிடிக்கும். அதுவரை வெள்ளாடு புகுந்து புறப்படும்.

ஆகவே மேய்ச்சலைப் பொதுவில் வையுங்கள். ஏக்கருக்குத் தக்க மாட்டு எண்ணிக்கை. மாடு இல்லாதவருக்கு மேய்ச்சல் குத்தகைப் பணம். திருப்பூரில் குடியிருக்கும் அக்கா தங்கைக்கும் அதேதான்: இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளும் பிறப்பாலேயே பங்காளி. சீர் செய்தாயிற்று என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற பழக்கம் நமக்கு அழகில்லை. கோடையில் உதிரும் வெள்வேலங்காய் எல்லார் மாட்டுக்கும் பொது; மரத்தை வெட்ட எல்லார் சம்மதமும் வேண்டும். மண் இறுகிய துண்டை உழுது சோளமோ கொள்ளோ விதைக்கும் செலவு யாருடையது என்பதையும் எழுதிவிடுங்கள்.

தடத்தில்தான் பாதி வழக்கு. ‘மாமூல் வண்டித்தடப் பாத்தியம் உட்பட’ என்ற ஒற்றை வரி போதாது. மாட்டுவண்டி போன இட்டேரியில் (இரு வேலிக்கு நடுவே போகும் தடத்தில்) இன்று சோளத்தட்டு ஏற்றிய டிராக்டர் திரும்ப வேண்டும். எந்த எல்லையை ஒட்டி, எத்தனை அடி அகலம், எங்கிருந்து எதுவரை என்று எழுதுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மாடு போகிற வழியும் அதில் வரட்டும். பக்கத்துக் காட்டுக்காரரோடு பொதுவான வேலி என்றால் அவரையும் கூப்பிடுங்கள்.

சித்திரையில் கண்ணபுரம் தேருக்கு எல்லாரும் ஊரில் இருப்பீர்கள். பத்திரம் எழுதுவதற்கு முன்னால், அப்போதே டேப்பைப் பிடித்து அளந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கொறங்காட்டு மாட்டுக்காரர்கள்