சொல்லாமல் நின்றுவிடுகிறவர்கள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காது குத்திய செய்தி அறிந்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். கண் அறுவைக்குப் பிறகு எனக்கும் படிக்க, எழுத முடிகிறது; ஆகவே நீங்கள் கேட்ட விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

லீவு சொல்லாமல் நின்றுவிடுகிறவர்கள் உங்கள் நூற்பாலையில் பெருகிவிட்டார்கள் என்றும், பத்து நாள் வராதவர்களின் பெயரை நீக்கிவிடலாம் என்று புதிய மேலாளர் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த யோசனையை முதலில் நிறுத்தி வையுங்கள். அனுமதியின்றித் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வராதிருப்பது மாதிரி நிலையாணைகளின்படி, அதாவது தொழிலாளர் பணி விதிகளுக்கு அரசு வகுத்த மாதிரியின்படி, ஒழுங்கீனம்தான். ஆனால் ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டால் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் விசாரணையும் வந்தாக வேண்டும். நிலையாணையைக் காட்டித் ‘தானே வேலையை விட்டுவிட்டார்’ என்று ஒருவரை நீக்கிய ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், அவர் தரப்பைக் கேட்காமல் நீக்கியது இயற்கை நீதிக்கு முரணானது என்று 1993-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வேலையில்லாமல் இருந்த காலத்துக்குப் பாதிச் சம்பளத்தோடு அவரை மீண்டும் வேலையில் சேர்க்கவும் உத்தரவிட்டது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் ஏன் சொல்லாமல் நிற்கிறார்கள் என்பதல்லவா கேள்வி? ஊர் மாரியம்மன் நோம்பிக்கு இரண்டு நாள் லீவு கேட்டால் மேஸ்திரி வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீசைக் கை காட்டுவார், டைம் ஆபீசில் மேலாளரைப் பார்க்கச் சொல்வார்கள், கடைசியில் ஆள் இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். கேட்டு, மறுத்த பிறகும் போனால் உத்தரவை மீறிய குற்றமும் சேரும். கேட்காமல் போனால் போவது அந்த இரண்டு நாள் கூலி மட்டுமே. இப்படியொரு ஏற்பாட்டில், விவரம் தெரிந்த தொழிலாளி கேட்காமல் போவதில் எனக்கு வியப்பில்லை. ஆகவே மூன்று நாள் வரையிலான லீவை ஷிப்ட் மேற்பார்வையாளரே அன்றைக்கே கொடுக்கவோ மறுக்கவோ அதிகாரம் தாருங்கள். மறுத்தால் எந்தத் தேதியில் தர முடியும் என்பதையும் அவரே சொல்லட்டும். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சேரும் சம்பள விடுப்பில் எத்தனை நாள் மீதி என்பதைச் சம்பளச் சீட்டிலேயே அச்சிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதாதது; ஆனால் எந்த மில்லிலும் நடப்பது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரத்தில் ஒருவர் வராவிட்டால், முந்தைய ஷிப்டில் வேலை பார்த்தவரையே பிடித்து வைத்து அடுத்த ஷிப்டையும் ஓட்டுகிறார்கள். பதினாறு மணி நேரம் நின்ற அந்த மனிதர் மறுநாள் எப்படி வருவார்? நேற்றைய ஆப்சென்ட்டுக்குச் செய்த மருந்தே நாளைய ஆப்சென்ட்டை உண்டாக்குகிறது. ஷிப்டுக்குச் சில பதிலி ஆட்களைச் சம்பளம் கொடுத்து நிரந்தரமாக வைத்திருப்பது, கணக்குப் பார்த்தால், நூல் அறுந்து கிடக்கும் ஃபிரேமைவிட மலிவு.

வருகை ஊக்கத்தொகையையும் மாற்றுங்கள். மாதம் முழுக்க வந்தால்தான் தொகை என்பது உங்கள் விதி. ஐந்தாம் தேதி காய்ச்சலில் ஒரு நாள் நின்றவருக்கு அதன்பின் இழக்க ஒன்றுமில்லை. எனவே மாதக் கடைசியில் இன்னும் மூன்று நாள் நிற்கிறார். அதே தொகையை வாரக் கணக்காகப் பிரித்துக் கொடுத்தால், ஒரு வாரம் போனாலும் அடுத்த வாரத்துக்காக வருவார்.

பீகார், ஒடிசா ஆட்களுக்கு இது போதாது. போக இரண்டு நாள், வர இரண்டு நாள் ரயிலில் கழியும்போது, பத்து நாள் லீவில் போனவர் பதினைந்தாம் நாள் வருவதைக் குற்றம் என்பதில் பயனில்லை. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகையான சத் பூஜைக்கு டிக்கெட் எடுக்கும்போதே புறப்படும் தேதியையும் திரும்பும் தேதியையும் பதிந்துகொண்டு, ஆட்களை இரண்டு தவணையாக அனுப்புங்கள்.

கடந்த ஆறு மாத வருகைப் பதிவேட்டை ஷிப்ட் வாரியாகவும் கிழமை வாரியாகவும் பிரித்து எனக்கு அனுப்ப முடியுமா? சம்பளத்துக்கு மறுநாளையும் ஞாயிறை ஒட்டிய நாட்களையும் தனியாகக் குறித்திருந்தால் நல்லது. இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்று கொடுத்தவர்களை மற்றவர்களோடு கலந்துவிடாதீர்கள். மேலாளர் காட்டும் ஆப்சென்ட் சதவீதத்தில் அவர்களும் சேர்ந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

தங்கைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நண்பன்