மருந்துத் தீவனம் எந்தக் குஞ்சுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர், குடியாத்தம் பக்கம் மழைக்காலத்தில் கோழிக்குஞ்சு வாங்குவோர், மருந்து கலந்த தீவனமா, கலக்காததா என்று கடையில் திகைத்து நிற்கிறார்கள். அந்த மருந்து பெரும்பாலும் ஆம்ப்ரோலியம். அது ரத்தக் கழிச்சலை மட்டுமே தடுக்கும். வெள்ளைக் கழிச்சலுக்கு (ராணிக்கெட் நோய்) முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து விட்டே ஆகவேண்டும்.

ரத்தக் கழிச்சல் கிருமி கொட்டகைத் தரையில் பரப்பும் உமி போன்ற கூளம் ஈரமானால்தான் வீரியம் பெறும்; 3 முதல் 6 வாரக் குஞ்சுகளை அதிகம் தாக்கும். உமியைக் கையில் இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்கக் கூடாது. பழைய கொட்டகையில் நெருக்கமாக வளர்ப்போருக்கு மருந்துத் தீவனமே நல்லது. தாய்க்கோழியோடு காய்ந்த தரையில் மேயும் பத்துக் குஞ்சுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. பொரிப்பகத்திலேயே ரத்தக் கழிச்சல் தடுப்பூசி போட்டிருந்தால் கொடுக்கவே கூடாது. தடுப்பூசியின் உயிர்க்கிருமியை மருந்து அடக்கிவிடும்.

சொந்தமாகக் கலப்போர் 100 கிலோ தீவனத்துக்கு 20% ஆம்ப்ரோலியம் தூள் 62.5 கிராம் சேர்க்கலாம். முதலில் 1 கிலோ மாவில், பிறகு 10 கிலோவில், அப்புறம் மொத்தத்தில் கலக்க வேண்டும். நேராகக் கொட்டிக் கிளறினால் ஒரு குஞ்சுக்கு அதிகம், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை. பி1 வைட்டமின் கிருமிக்குக் கிடைக்காமல் செய்வதே இம்மருந்தின் வேலை. கூடவே பி1 டானிக் கொடுத்தால் மருந்து வீண்.

எச்சத்தில் ரத்தம் தெரிந்துவிட்டால் தீவன மருந்தை நம்பாதீர்கள். நோயுற்ற குஞ்சு இரை எடுக்காது, தண்ணீர் மட்டும் குடிக்கும். கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் மருந்தைத் தண்ணீரில்தான் கொடுக்க வேண்டும்.

மூட்டையில் மருந்தின் பெயரையும் அளவையும் தமிழில் பெரிதாக அச்சிடத் தீவன நிறுவனங்கள் முன்வர வேண்டும்.

– கோழி வளர்ப்போர் சிலர், குடியாத்தம்