மார்ச் மாலையும் உன் அளவைக் கருவியும்

அகமதாபாத்,
மார்ச் 22

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்தியின் காதுகுத்துக்கு நான் வராததை மனத்தில் வைத்துக்கொள்ளாதே. முழங்கால் இன்னும் ரயில் படிக்கட்டுக்கு இணங்கவில்லை. நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நீ அளவைச் சங்கிலியை விட்டுவிட்டு ஜிபிஎஸ் கருவியோடு வயல் வரப்பில் அலைகிறாய் என்று படித்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பொழுது சாய்ந்த பிறகு மிச்சமிருக்கும் மூலைக்கல்லை முடித்துவிடலாம் என்று நின்றால் கருவி நிலைகொள்ளாமல் தவிக்கிறது, இந்த மாதம் இன்னும் மோசம் என்று எழுதியிருந்தாய். விற்றவரைத் திட்டாதே. கருவி நன்றாகத்தான் இருக்கிறது. உன் ஊர் இருக்கும் இடம் அப்படி. பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோடு திருநெல்வேலிச் சீமையை ஒட்டித்தான் போகிறது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் சிக்னல் காற்று மண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தைக் கடந்துதான் உன் கருவிக்கு வரவேண்டும். வெயில் அங்கே அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து விட்டிருக்கும். 300 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி அவை மிக நெருக்கம். அவற்றுக்கிடையே வரும்போது சிக்னல் தாமதமாகிறது. ஒரு சதுர மீட்டர் குறுக்குப்பரப்புள்ள பாதையில் 10,000,000,000,000,000 எலக்ட்ரான்கள் இருந்தால் அதை ஓர் அலகு என்கிறோம். ஓர் அலகுக்கு, 1575.42 மெகாஹெர்ட்ஸ் சிக்னலில் 16 சென்டிமீட்டர் பிழை. சூரியன் சீற்றமாக உள்ள ஆண்டுகளில் எங்கள் ஊர் நண்பகலில் நூறு அலகைத் தாண்டுவதுண்டு. 16 மீட்டர் பிழை என்றால் உன் தொழிலில் அடுத்தவன் கிணறே இவன் பட்டாவுக்குள் வந்துவிடும்.

ஆனால் தாமதம் இரண்டு அதிர்வெண்களில் இரண்டு விதமாக இருக்கும். 1227.60 மெகாஹெர்ட்ஸில் கூடுதல். இரண்டையும் கழித்துப் பார்த்தால் வழியில் மொத்தம் எத்தனை எலக்ட்ரான் என்று தெரிந்துவிடும். நீ பிழை என்று தள்ளுவதைத்தான் அயனி மண்டலத்தை ஆராயும் நாங்கள் அளவு என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் கிடைப்பது மொத்தக் கணக்கு மட்டுமே. எந்த உயரத்தில் எவ்வளவு என்று அது சொல்லாது. பல திசைகளில் பாயும் கோடுகளின் மொத்தங்களைச் சேர்த்து உள்ளிருப்பதை மீட்பது சி.டி. ஸ்கேன் செய்யும் வேலை. அதையே வானத்துக்கும் செய்யலாம் என்று 1980களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டென், ஃபிராங்கே, லியூ மூவரும் முன்மொழிந்தார்கள். அப்போது ஜிபிஎஸ் முழுமை பெறவில்லை. துருவத்திலிருந்து துருவத்துக்கு ஓடும் அமெரிக்கக் கடற்படையின் வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள்தான் கைக்கு எட்டின. நம் நாட்டிலும் திருவனந்தபுரம் முதல் நைனிடால் வரை ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் ரிசீவர்களை நிறுத்தி இப்படிப் படம் எடுத்தார்கள். உன் ஊரும் அந்த ரேகையில்தான் வருகிறது.

ஜப்பான்காரர்களுக்கு இதில் கொள்ளை வசதி. நிலநகர்வைக் கண்காணிக்க நாடு முழுவதும் 1,200க்கும் மேற்பட்ட ரிசீவர்களை வைத்திருக்கிறார்கள். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் கடல்மட்டம் எழும்பித் தள்ளிய காற்றின் அதிர்வு பத்து நிமிடத்துக்குள் அயனி மண்டலம் வரை ஏறி, வட்ட வட்டமாக விரிந்தது அவற்றில் பதிவாகியிருக்கிறது. அந்தப் படங்களை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இருந்தாலும் செல்வராஜ், இந்த வண்ணப் படங்களை நான் முழுதாக நம்புவதில்லை. மருத்துவமனையில் ஸ்கேன் கருவி ஆளைச் சுற்றி வருகிறது. நமக்கோ செயற்கைக்கோள் மேலே, ரிசீவர் தரையில். படுக்கைவாட்டில் ஒரு கோடும் கிடைப்பதில்லை. எனவே வடக்கே அதிகமா தெற்கே அதிகமா என்பதைப் படம் உறுதியாகச் சொல்லும். அடர்த்தி உச்சம் 300 கிலோமீட்டரிலா 400லா என்பதில், கணக்கின் தொடக்கத்தில் நாமே கொடுத்த உத்தேச மாதிரியின் குரல்தான் ஓங்கிக் கேட்கிறது. எது அளந்தது, எது ஊகித்தது என்று படத்தில் தனித்தனியாகக் காட்டுபவர்கள் குறைவு. சிவப்பும் நீலமும் இரண்டையும் ஒன்றாகப் பூசிவிடும்.

இதற்கு மருந்தாக வந்தவை தைவானும் அமெரிக்காவும் சேர்ந்து 2006இல் ஏவிய ஆறு சிறு செயற்கைக்கோள்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் பூமியின் விளிம்பில் மறையும்போது வரும் சிக்னலை அவை பிடித்தன. விடுபட்ட படுக்கைக் கோடு கிடைத்துவிட்டது. 2019இல் இன்னும் ஆறு சென்றன, இம்முறை நிலநடுக்கோட்டை ஒட்டிய சுற்றுப்பாதையில். நமக்கு நல்ல காலம்.

உன் மாலை நேரத் தொல்லைக்கு வருகிறேன். பகலில் காந்த நடுக்கோட்டின் மேல் மின்புலம் எலக்ட்ரான்களை உயரத் தூக்குகிறது. அவை காந்தக் கோடுகளின் வழியே இருபுறமும் சரிந்து, வடக்கே எங்கள் ஊர்ப் பக்கம் வந்து குவிகின்றன. ஊற்று உன் தலைக்கு மேல், தேக்கம் என் தலைக்கு மேல். சூரியன் மறைந்ததும் அந்தத் தூக்கல் ஒருமுறை திடீரென வலுக்கும். அடியில் உள்ள அடர்த்தி குறைந்த பகுதி குமிழிகளாகக் கிளம்பி மேலே ஊடுருவும். அவற்றின் ஓரங்களில் சிக்னல் சிதறி மினுக்கும். கருவி பிடியை விட்டுவிடும். நம் பகுதியில் மார்ச்சிலும் செப்டம்பரிலும் இது அதிகம். குமிழிகள் பல நேரம் சில பத்துக் கிலோமீட்டர் அகலம்தான். நம் ரிசீவர்களுக்கிடையே உள்ள தூரமோ அதைவிடப் பல மடங்கு. போதாக்குறைக்குக் குமரிக்குத் தெற்கே ரிசீவர் நட நிலமே இல்லை. எங்கே துல்லியம் வேண்டுமோ அங்கேதான் படம் குழம்புகிறது.

அளவை வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள், அல்லது நள்ளிரவு கடக்கட்டும். ஆனால் எனக்காக ஒன்று செய்வாயா? மாலையில் வேலை கெட்டுப்போன நாட்களின் மூலப் பதிவுகளைக் கருவியிலிருந்து அழிக்காமல், நேரத்தோடு ஒரு பென் டிரைவில் போட்டு வை. மருமகன் அடுத்த மாதம் பாளையங்கோட்டைக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்பு. கூடவே கொஞ்சம் கருப்பட்டியும்.

அன்புடன்,
சங்கரன்