டோக்கெலாவின் பங்கு மீன்

ஐயா,

பசிபிக் கடலில் நியூசிலாந்தின் கீழுள்ள டோக்கெலா மூன்று பவளத்தீவுகள்தான். 2016 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 1,500 பேர். விமான நிலையம் கிடையாது, சமோவாவிலிருந்து கப்பல்தான். தலைமைப் பொறுப்பை மூன்று தீவுகளும் முறைவைத்து ஏற்கின்றன. சூரை மீன் பிடிக்கும் வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணமே முக்கியச் சொந்த வருமானம். மீதிக்கு நியூசிலாந்து உதவி.

அது கிடக்கட்டும். ஊருக்காகப் பிடித்த மீனைக் கரையில் கொட்டி, வீட்டுக்கு வீடு பங்கு வைக்கிறார்கள். கடலுக்குப் போக ஆளில்லாத வீட்டுக்கும் உண்டு.

இங்கே பல நாள் ஆழ்கடலில் கிடந்து பிடித்துவரும் சூரைக்கு, முன்பணம் தந்தவர் சொன்னதே விலை. பங்கெல்லாம் வேண்டாம், ஏலத்தில் எடையையும் விலையையும் பலகையில் எழுதிப் போடுங்கள், போதும்.

— விசைப்படகுத் தொழிலாளி, தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்