பதிவுப் பத்திரம் இருக்கிறது, அனுமதி இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

திருகோணமலையில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு புது அலுவலகம், ஒரு புதுப் பெயர்ப்பலகை. வெளிநாட்டு வேலை என்கிறார்கள், மாதாமாதம் லாபம் தரும் முதலீடு என்கிறார்கள், நிலாவெளிப் பக்கம் தவணைக்குக் காணி என்கிறார்கள். எல்லாவற்றிலும் அடியில் ஒரு வரி இருக்கும்: 'அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்ட நிறுவனம்'. அந்த வரியை நம்பித்தான் சனம் காசைக் கொடுக்கிறது. எங்கே பதிந்தார்கள், என்ன தொழிலுக்குப் பதிந்தார்கள் என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் எழுதுகிறேன்.

சாம்பல்தீவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மகனை ருமேனியாவுக்கு அனுப்புவதற்காக ஒரு இடத்தில் முற்பணம் கட்ட ஆயத்தமாக இருந்தது. 'எல்லாம் சட்டப்படிதான், பாருங்கோ' என்று அந்த அலுவலகம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதிவுப் பத்திரத்தின் படத்தை எனக்கும் அனுப்பினார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். வியாபாரத்தின் பெயர், விலாசம், உரிமையாளர் பெயர், பிரதேச செயலக முத்திரை எல்லாம் சரி. கீழே 'வியாபாரத்தின் தன்மை' என்ற இடத்தில் இருந்தது: கணினி உதிரிப்பாகங்களும் எழுதுபொருட்களும் விற்பனை. பத்திரம் போலியே இல்லை, அசல். ஆனால் கொப்பி, பேனை விற்பதற்கு எடுத்த பத்திரத்தை வைத்து ஆள் அனுப்பக் காசு கேட்கிறார்கள்.

இந்த பி.ஆர். என்று நாம் சொல்கிற வியாபாரப் பெயர்ப் பதிவு எப்படிக் கிடைக்கிறது என்பதைக் கொஞ்சம் யோசித்தால் விஷயம் விளங்கும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பத்தோடு அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, கட்டடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் என்று கொடுக்கிறார்கள். அதாவது இன்ன ஆள், இன்ன இடத்தில், இன்ன பெயரில் வியாபாரம் செய்கிறார் என்பதற்கு அது ஒரு பதிவு. அவர் நேர்மையானவரா, கையில் முதல் இருக்கிறதா, மற்றவர் காசை வாங்கி வைத்திருக்க அவருக்கு உரிமை உண்டா என்பதையெல்லாம் அங்கே யாரும் பார்ப்பதில்லை, பார்ப்பது அந்தக் கந்தோரின் வேலையும் இல்லை.

கம்பனி என்றால் கதை வேறு. அது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கொழும்பிலுள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் பதியப்படுவது, தனியார் கம்பனியின் இலக்கம் பீ.வீ. என்று தொடங்கும். கம்பனி தன் முழுப் பெயரையும் இலக்கத்தையும் கடிதத்திலும் பில்லிலும் பற்றுச்சீட்டிலும் தெளிவாகப் போட வேண்டும் என்பது அதே சட்டத்தில் இருக்கிறது. ஆகவே காசு கட்டும்போது தருகிற துண்டில் இலக்கம் இல்லையென்றால் அந்த இடத்திலேயே ஏன் இல்லை என்று கேட்கலாம். இலக்கம் இருந்தால் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், கட்டணம் செலுத்தி கோப்பிலுள்ள ஆவணங்களின் பிரதி எடுக்கலாம். இயக்குநர்கள் யார், பதிவு விலாசம் எது, இயக்குநர்கள் எப்போது மாறினார்கள், வருடாந்த அறிக்கை ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் தெரியும். இலட்சக்கணக்கில் காசு கொடுக்கப் போகிறவருக்கு அந்தக் கட்டணம் ஒரு செலவே இல்லை. முன்னே இருந்து பேசுகிறவர் தன்னை இயக்குநர் என்று சொல்வார், ஆவணத்தில் அவர் பெயரே இருக்காது. அங்கேயே எழும்பி வந்துவிடலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் அனுமதி என்று ஒன்று தனியாக இருக்கிறது, முக்கியமான இடம் அதுதான். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டுமென்றால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பணியகத்தின் இணையத்தளத்தில் அனுமதி பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது, 1989 க்கு அழைத்தும் கேட்கலாம். முகவருக்கு அனுமதி இருந்தால் மட்டும் போதாது, அவர் சொல்கிற அந்த வேலைக்குப் பணியகத்தின் அங்கீகாரம் கிடைத்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். 'முதலில் விசிட் விசாவில் போங்கோ, அங்கே மாற்றலாம்' என்று ஒருவர் சொன்னால் கடவுச்சீட்டைக் கையில் கொடுக்கவே கூடாது.

வைப்புப் பணமும் அப்படித்தான். 2008 இல் கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி விழுந்ததை வயது போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது ஒழுங்காகப் பதியப்பட்ட கம்பனி, பெரிய குழுமத்தின் பெயரும் பின்னால் இருந்தது, ஆனால் பொதுமக்களிடம் வைப்பு வாங்க மத்திய வங்கியின் அனுமதி அதற்கு இருக்கவில்லை. 2020 இல் த பினான்ஸ் கம்பனியின் அனுமதியை மத்திய வங்கி ரத்துச் செய்தது. அது அனுமதி பெற்ற நிறுவனமாக இருந்ததால், வைப்பாளர்களுக்கு வைப்புக் காப்புறுதியிலிருந்து 6 இலட்சம் ரூபா வரை கிடைத்தது, அந்த எல்லை பிறகு 11 இலட்சமாக உயர்த்தப்பட்டது. போட்ட காசு முழுதும் வரவில்லைத்தான், என்றாலும் ஒன்றுமே இல்லாமல் தெருவில் நிற்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பெயர்ப் பட்டியலை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது, 1935 க்கும் அழைக்கலாம். ஆள் சேர்த்தால் காசு என்று சொல்கிற, தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் எவை என்பதையும் அவர்களே அறிவித்திருக்கிறார்கள்.

அப்புறம் வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவையும் உண்டு. பேஸ்புக் பக்கம் எந்த நாளில் தொடங்கப்பட்டது, முன்பு வேறு பெயர் இருந்ததா என்பதை அந்தப் பக்கமே காட்டும். பத்து வருட அனுபவம் என்று சொல்கிறவரின் பக்கம் மூன்று மாதத்துக்கு முன் தொடங்கியதாக இருக்கும். காசு போடச் சொல்கிற வங்கிக் கணக்கு கம்பனி பெயரில் இல்லாமல் ஒரு தனிஆளின் பெயரில் இருந்தால், வேறு எதையும் தேடத் தேவையில்லை.

ஆனால் எங்கள் ஊரில் தகவல் கிடைக்காமல் ஏமாறுகிறவர்களை விட, கேட்க வெட்கப்பட்டு ஏமாறுகிறவர்கள்தான் அதிகம் என்று எனக்குப் படுகிறது. இடையில் நிற்பவர் பெரும்பாலும் சொந்தக்காரர் அல்லது கோயிலில், பள்ளிவாசலில் தெரிந்தவர். 'எங்கட ஆளிட்ட பத்திரம் கேட்கிறதே' என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். நேர்மையாகத் தொழில் செய்கிற எத்தனையோ பேர் மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் பத்திரத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள், கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள், கோபிக்க மாட்டார்கள். கேட்டதற்குக் கோபிக்கிற ஆளிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்திலும் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் செயலகங்களிலும் சனம் வரிசையில் நிற்கும் இடத்தில், எந்தத் தொழிலுக்கு யாருடைய அனுமதி வேண்டும், எந்த இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம் என்று பெரிய எழுத்தில் ஒரு தமிழ் அறிவித்தல் போட்டால் என்ன? ஒரு நாள் வேலை. உங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கிறேன். வெளிநாட்டு வேலை, வைப்பு, முதலீடு என்று விளம்பரம் கொண்டு வருகிறவர்களிடம் அனுமதி இலக்கத்தைக் கேட்டு, அதைச் சரிபார்த்து, விளம்பரத்திலேயே அச்சிடுங்கள், இலக்கம் தராதவரின் விளம்பரத்தை ஏற்காதீர்கள். உங்கள் பத்திரிகையில் வந்தது என்பதையே நம்பிக்கைக்குக் காரணமாகச் சொல்கிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.