என் பாட்டுக்குச் சொந்தக்காரர்களான சுங்கை சிப்புட் மக்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மக்களுக்கும், ரப்பர் தோட்டத்தை விட்டுப் பல ஊர்களுக்குப் பிரிந்து போன என் லயத்துச் (தொழிலாளர் வரிசை வீடுகள்) சொந்தங்களுக்கும் வணக்கம்.

என் பாடல்கள் ஒரு தொகுப்பாக வெளிவந்ததிலிருந்து, யாரிடம் எழுதக் கற்றுக்கொண்டாய் என்று கேட்காதவர் இல்லை. கண்ணதாசனா, வைரமுத்துவா என்று அவர்களே பெயரையும் எடுத்துக் கொடுக்கிறார்கள். இரண்டு பேரையும் மனப்பாடமாகப் படித்தவள்தான் நான். ஆனால் அவர்களுக்கு முன்னாலேயே எனக்குப் பாட்டைக் காட்டியவர்கள் நீங்கள், அதை எல்லாரும் கேட்கச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டதால் உறவுமுறையிலேயே எழுதுகிறேன். யார் யாரென்று ஊருக்குத் தெரியும்.

முதல் நன்றி என் அப்பாயிக்கு, என் அப்பாவைப் பெற்றவருக்கு. இருட்டோடு எழுந்து, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், ரப்பர் மரம் சீவி, மங்கு என்ற கிண்ணத்தில் வடிந்த பாலை எடுத்து ஸ்டோருக்குச் சுமந்து போட்டுவிட்டு வருபவர், லயத்தில் ஒரு சாவு என்றால் குளித்த ஈரத்தோடு போய் உட்கார்ந்துவிடுவார். ஒப்பாரியின் ராகம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான், வார்த்தைதான் வீட்டுக்கு வீடு வேறு. இறந்தவர் மாடு வளர்த்தவர் என்றால் அந்த மாடு பாட்டுக்குள் வரும், மகளை ஈப்போவில் கட்டிக் கொடுத்தவர் என்றால் ஈப்போ பஸ் வரும். எல்லாம் அந்த இடத்தில், அந்த நொடியில் கட்டியது. வரியின் கடைசி எழுத்தை அப்பாயி நீளமாக இழுப்பார், அந்த இழுப்புக்குள் அடுத்த வரி தயாராகிவிடும். மெட்டுக்கு எழுதுவது எப்படி என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அப்புறம் மாரியம்மன் கோயில் தேவார வகுப்பு ஐயா. திருப்புகழை எடுத்தவுடன் வார்த்தையைச் சொல்லித் தர மாட்டார். தனதனன தனதன என்று வெறும் சந்தத்தை, தொடையில் கை தட்டி, ஒரு மாலை முழுக்கச் சொல்ல வைப்பார். குறில் இருக்க வேண்டிய இடத்தில் நெடிலைப் போட்டால் கை தடுக்கும், தடுக்கிய இடத்தில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து. அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் கட்டி வைத்த சந்தம் அது. இன்றைக்கு இசையமைப்பாளர் தன்னானே என்று முனகி வாட்ஸ்அப்பில் மெட்டை அனுப்பும்போது, என் கை தானாகத் தொடைக்குப் போகிறது. ஐயா, உங்கள் காலில் விழுந்து சொல்கிறேன், நன்றி.

எதுகை மோனையை அடித்தளமாகப் போட்டுத் தந்த தமிழ்ப்பள்ளி டீச்சருக்கும் நன்றி.

இந்த வரிசையில் ஒரு மலாய் மாக்சிக்கை, அதாவது அத்தையை, பார்த்துப் பலர் ஆச்சரியப்படலாம். தோட்டம் செம்பனைக்கு (பாமாயில் மரம்) மாறி நாங்கள் டவுனுக்கு வந்தபோது பக்கத்து வீடு அவருடையது. கல்யாணம், பெருநாள் எதுவானாலும் பந்துன் என்ற மலாய்ப் பாட்டு சொல்வார். நாலே அடி. முதல் இரண்டில் ஆறு, படகு, மாம்பழம் என்று எதையோ சொல்லிவிட்டு, பின் இரண்டில் சொல்ல வந்ததைச் சொல்வது. முதலடியின் முடிவு மூன்றாமடியோடு ஒலிக்க வேண்டும், இரண்டாவது நான்காவதோடு. நம் எதுகை அடியின் தலைப்பில் நிற்கும், அவர்களுடையது அடியின் வாலில். என் பல்லவிகளில் கடைசிச் சொல்லுக்கு நான் அவ்வளவு மெனக்கெடுவது அவரைக் கேட்டு வளர்ந்ததால்தான். பந்துனை 2020இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக ஏற்றுக்கொண்டபோது மாக்சிக்கின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

உறுமி மேளத்து அண்ணன்மார்களே, உங்களை விடுவேனா? தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு உங்கள் பின்னாலேயே நடந்த சின்னப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த உறுமல் வயிற்றில் இறங்கும், மறுபக்கம் மெல்லிய குச்சி படபடவென்று விழும். எங்கே வார்த்தையை நிறுத்தி மேளத்துக்கு வழிவிட வேண்டும் என்பது உங்களிடம் கற்றது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கேசட் கடை வைத்திருந்த மாமாவுக்கு ஒரு தனி நன்றி. பாட்டு லிஸ்ட்டைக் கொடுத்தால் 60 நிமிட கேசட்டில் பதிந்து தருவார். அட்டையில் படத்தின் பெயரோடு பாடலாசிரியர் பெயரையும் பொடி எழுத்தில் எழுதுவார். வேறு எந்தக் கடையிலும் நான் அதைப் பார்த்ததில்லை. பாட்டை எழுத என்றே ஒருவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்ததே அந்த அட்டையில்தான். நம் மண்ணில் பிறந்து சென்னையில் பேர் வாங்கிய மலேசியா வாசுதேவன் கேசட்டைக் கடை வாசலில் முதலாவதாக அடுக்கி வைத்திருப்பாரே, அந்தப் பெருமை எனக்கும் ஒட்டிக்கொண்டது.

2006இல் யோகி பி & நட்சத்ரா என்ற மலேசியத் தமிழ் ராப் குழுவினர் வந்தார்கள். மலேசியத் தமிழன் தன் குரலிலேயே, தன் தாளத்திலேயே நிற்கலாம் என்ற தைரியம் அவர்கள் கொடுத்தது. அதனால்தான், பெரட்டு, மங்கு என்றெல்லாம் எழுதினால் தமிழ்நாட்டில் யாருக்குப் புரியும், எடுத்துவிடு என்று ஒரு நிறுவனம் சொன்னபோது நான் எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம் அக்கா, இதுதான் பாட்டே என்று பக்கத்தில் நின்ற ஒலிப்பதிவுத் தம்பிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கடைசியாக, கோரஸ் பாடிய நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும், அவர்களைக் கோலாலம்பூர் வரை கூட்டிவந்த பெற்றோருக்கும் நன்றி. வேன் ஓட்டிய அண்ணே, எண்ணெய்க் காசைக்கூட வாங்காமல் போய்விட்டீர்கள். திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறேன், அப்போது கண்டிப்பாக வாங்கிக்கொள்ள வேண்டும்.